இறந்த குஞ்சையும் எண்ணுவோம்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

கோழி வளர்ப்பைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இலாபத்தில் தொடங்கி இலாபத்தில் முடியும். பத்துக் கோழி வளர்த்தால் மாதம் எத்தனை முட்டை, அதை விற்றால் எத்தனை ரூபாய் என்ற கணக்கு அவற்றில் தவறாமல் இருக்கும். ஆனால் பொரித்த குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும், பிழைக்காத குஞ்சுகளை நினைத்து வருந்தும் வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்தைப் பற்றி என் கருத்தைத் தோழியர் முன் வைக்க விரும்புகிறேன்.

அமராவதி நகர் மலையடிவாரத்து ஊர். 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையும், அதன் கால்வாய்ப் பாசனமும், தென்னந்தோப்புகளும், கரும்புக் காடுகளும் நமக்குச் சோறு போடுகின்றன. விடியற்காலையில் மில் வண்டி ஏறிப் போகும் அம்மாக்களும் அக்காக்களும் நம் ஊர்ப் பக்கம் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் கோழி என்பது வெறும் கோழி அன்று. அது பள்ளிக்கூட நோட்டு. திடீரென்று வரும் விருந்தாளிக்குக் குழம்பு. காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவு. வீட்டுப் பெண்கள் யாரிடமும் கை நீட்டாமல் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பணம் பல வீடுகளில் கோழி விற்ற பணம்தான். ஆகவே ஒரே இரவில் ஐந்து குஞ்சுகள் போய்விட்டால், அந்த வீட்டில் போவது ஐந்து குஞ்சுகள் மட்டுமல்ல.

குஞ்சு இறந்தால் நம் வீடுகளில் வழக்கமாக மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, மறைப்பது. குழந்தைகள் எழுந்திருப்பதற்கு முன்பே இறந்த குஞ்சை வேலிக்கு அப்பால் வீசிவிடுவார்கள். இரண்டாவது, பழி சொல்வது. “நேத்துச் சாயங்காலம் வந்தவ கண்ணு பட்டுருச்சு” என்று அண்டை வீட்டாரையோ, “கொடாப்பைச் சரியா மூடாம உட்டது நீதான்” என்று மருமகளையோ மகளையோ குற்றம் சொல்வார்கள். மூன்றாவது, கைவிடுவது. “நமக்குக் கோழி ராசியில்லை” என்று சொல்லி மிச்சமிருக்கும் குஞ்சுகளைக்கூடக் கவனியாமல் விட்டுவிடுவார்கள்.

செத்ததை எண்ணவே கூடாது என்பது எங்கள் அப்பத்தாவின் கட்சி. “செத்தத எண்ணுனா இருக்கறதும் போயிரும் சாமி” என்பார். அப்பத்தாவின் அனுபவத்துக்கு முன் நான் சிறியவள். அடை வைக்கும் முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடக் கூடியவர் அவர். எனினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சியில் என்னால் சேர முடியவில்லை. இறந்த குஞ்சை எண்ண வேண்டும், எழுதி வைக்க வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும், காரணம் கிடைக்காவிட்டால் அதையும் எழுத வேண்டும் என்பதே என் கட்சி. எதிர்பாராத இழப்பைத் தாங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குஞ்சுப் பருவம் என்பதே ஆபத்தான பருவம். இருபத்தொரு நாள் தாயின் சூட்டில் இருந்துவிட்டு வெளியே வரும் குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. முதல் வாரத்தில் அதற்கு ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று நாள் வரை அதுவே அதற்குக் கட்டுச்சோறு. துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியில்லாமல் வெளியூர்களுக்கு அனுப்ப முடிவது அதனால்தான். ஆனால் தொப்புள் சரியாக மூடாமல் கிருமி உள்ளே போய்விட்டால், அதே மஞ்சள் கரு கெட்டு, நேற்றுவரை ஓடிய குஞ்சு இன்று சுருண்டு விழுகிறது. பிறகு மூன்றாவது வாரம் தொடங்கி ரத்தக் கழிச்சல் வரலாம். இவை போதாதென்று காக்கை, வல்லூறு, கீரி, பூனை, பெருச்சாளி, பாம்பு என்று எத்தனை எதிரிகள்! நிலைமை இப்படியிருக்க, பத்துக் குஞ்சும் பத்துக் கோழியாகும் என்று எதிர்பார்ப்பது யாருடைய தவறு? அண்டை வீட்டாரின் கண்ணையா குற்றம் சொல்வது?

“கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?” என்பது நம் பழமொழி. தாய்க்கோழி மிதித்தால் ஆகாதுதான். ஆனால் தாயில்லாத குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொள்ளும்போது அடியில் இருப்பவை மூச்சு முட்டி இறந்துபோகின்றன. ஒன்றையொன்று கொல்ல வேண்டும் என்று அவை நினைக்கவில்லை, சூட்டைத்தான் தேடின. விளக்கடியில் குஞ்சுகள் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை என்றும், விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்றும், பரவலாக நின்று மேய்ந்தால் சரியாக இருக்கிறது என்றும் பொருள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது வீடுகளில் குண்டு பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. அது வெளிச்சம் தரும். குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. பெட்டிக்குள் விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக உறங்கப் போகிறவர்கள் காலையில் விறைத்த குஞ்சுகளைப் பார்க்க நேரிடுவது இதனாலும்தான்.

எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கணக்கையே காட்டுகிறேன். சென்ற ஆண்டு மூன்று முறை அடை வைத்தோம். மொத்தம் 31 குஞ்சுகள் பொரித்தன, 12 இறந்தன, 19 பிழைத்தன. ஒவ்வொன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பொரித்த மூன்று நாளுக்குள் பலவீனத்தால் போனவை 3. வல்லூறு தூக்கியது 1. பூனை பிடித்தது 1. தண்ணீர்த் தட்டில் விழுந்தது 1. குளிரில் விறைத்தவை 4. காரணம் தெரியாதவை 2.

இரண்டாம் அடையில்தான் துக்கம் அதிகம். ஒன்பது குஞ்சுகளில் ஆறு போய்விட்டன. வீட்டில் எல்லோரும் கண்ணேறு என்றே பேசிக்கொண்டார்கள். ஆனால் காலண்டர் தாளைப் புரட்டியபோது, ஆறில் நான்கு ஆடிக் காற்று பலமாக வீசிய இரவுகளில், கொடாப்பின் மேற்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தவை என்று தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று நம் பகுதியில் காற்றாலைகளையே சுழற்றுகிறது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு எம்மாத்திரம்? மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டினோம். உள்ளே பனியன் வேஸ்ட் துணியைக் கற்றையாகக் கட்டித் தொங்கவிட்டோம். குஞ்சுகள் அதைத் தாயின் இறகு என்று நினைத்து அடியில் புகுந்துகொண்டன. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டோம். மூன்றாம் அடையில் பதினொன்றில் இரண்டுதான் போயின. ஐப்பசி மழையில்கூட ஒன்றும் விறைக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்று பலவீனத்தால் போனது. மற்றொன்றுக்குக் காரணம் தெரியவில்லை.

“காரணம் தெரியவில்லை” என்று ஒரு வரி எழுதுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். மனத்துக்கு ஒரு காரணம் வேண்டும். கிடைக்காவிட்டால் அது யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டு உறங்கப் பார்க்கும். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால், அந்தப் பழி மருமகள் மேலும் விழாது, மகள் மேலும் விழாது, அண்டை வீட்டு அத்தை மேலும் விழாது. என் காலண்டர் தாளில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

நம் பகுதிக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். சுகுணா நிறுவனம் 1984-இல் உடுமலைப்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பது உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் பெருகியது. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் கொடுப்பார். சுமார் ஆறு வாரத்தில் கோழி விற்பனைக்குப் போனதும் எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கும். அந்தக் கொட்டகைகளில் ஓர் அட்டை தொங்கும். இன்று இறந்தவை எத்தனை என்று அதில் தினமும் எழுத வேண்டும். ஐயாயிரம் குஞ்சு விட்டால் நூற்றுக்கு நான்கு வீதம் இருநூறு போவது அங்கே யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் வழக்கத்துக்கு மேல் ஓர் எண்ணிக்கை ஏறினால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போகும். அவர்கள் எண்ணுவது காசுக்காக என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அட்டை குஞ்சுகளையும் காப்பாற்றுகிறது. ஐயாயிரம் வைத்திருப்பவருக்கு அட்டை உண்டு. பத்து வைத்திருக்கும் நமக்கு மட்டும் தலைவிதியா?

மறைப்பதனால் வரும் கேடு நம் வீட்டோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் கோழிச் சீக்குக்கு இராணிக்கேட் நோய் என்றும் பெயர். 1920-களின் இறுதியில் வடநாட்டு மலையூரான இராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. இந்த நோய் வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. வருமுன் தடுப்பதே வழி. இது ஒரு தெருவில் நுழைந்தால் என்ன நடக்கிறது? முதல் வீட்டில் இரண்டு கோழி சாகும். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தூங்கி விழும் மற்றக் கோழிகளை அவசர அவசரமாகச் சந்தையில் விற்றுவிடுவார்கள். செத்தவற்றை இருட்டில் கால்வாயில் போட்டுவிடுவார்கள். கால்வாய்த் தண்ணீர் கீழே இருக்கும் ஊர்களுக்குப் போகிறது. சந்தைக் கோழி இன்னொரு தெருவுக்குப் போகிறது. ஒரு வாரத்தில் பத்து வீட்டுக் கொடாப்புகள் காலி. முதல் வீட்டார் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றவர்கள் தங்கள் கோழிகளைக் கட்டிக் காத்திருப்பார்களே! தன் இழப்பை வெட்கம் என்று நினைத்து ஒருவர் மூடி மறைத்ததால் ஊரே இழந்தது.

தடுப்பு மருந்து நமக்கு எட்டாத பொருளும் அன்று. இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பு மருந்தைத் தயாரித்து வருகிறது. குஞ்சின் ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனபின் ஊசியும் போட வேண்டும். கிராமங்களில் ஆண்டுதோறும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் நடக்கின்றன. முகாம் நாளன்று கோழியைப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை என்பதே பல வீடுகளில் உள்ள குறை. முந்திய இரவே கொடாப்பில் அடைத்து வைக்கலாம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த வேலையை நாமே ஏற்றுக்கொள்ளலாம்.

நாடு முழுவதும் கோழி வளர்ப்போர் கலங்கிய காலம் ஒன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மகாராஷ்டிர மாநிலத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் முறை. நோய் மேலும் பரவாமலிருக்க அப்பகுதியில் லட்சக்கணக்கான பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. அங்கே வந்த நோயால் இங்கே நாமக்கல் வரையிலும் முட்டை விலையும் கோழி விலையும் சரிந்தன. 2020-இல் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற பொய் வதந்தி கிளம்பியபோதும் இதே கதிதான். ஒரு குஞ்சுகூடச் சாகாத கொட்டகைகளும் நஷ்டப்பட்டன. நாம் எவ்வளவு ஒழுங்காக வளர்த்தாலும் நம் கைக்கு எட்டாத இழப்புகள் உண்டு என்பதற்கு இவை சாட்சி. அத்தகைய இழப்புக்கு நாம் பொறுப்பல்ல என்று அறிவதும் ஒருவகை ஆறுதலே.

“செத்ததை எண்ணிக்கொண்டிருந்தால் மனம் கல்லாகிவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் அணைக்கட்டுக்கு அருகிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1975-இல் முதலைகளைக் காக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது. அந்த 1970-களில் ஏற்பட்டதே நம் ஊர் முதலைப் பண்ணை. அணைக்கரையில் முதலைகள் இட்ட முட்டைகளை எடுத்துவந்து, பொரிக்க வைத்து, குட்டிகளை அங்கே வளர்த்தார்கள். காட்டில் பிறக்கும் முதலைக் குட்டிகளில் பெரிதாகி வளர்பவை மிகச் சில என்று யாரோ பொறுமையாக எண்ணிப் பார்த்ததால்தானே அப்படியொரு யோசனை தோன்றியது!

இன்னும் பெரிய சாட்சி வேண்டுமா? தமிழ்நாட்டில் 1990-களிலிருந்து, பிரசவத்தை ஒட்டி இறந்துபோகும் தாய்மாரின் மரணங்களைப் பதிவு செய்து, அது எதனால் நேர்ந்தது, வண்டி வரத் தாமதமாயிற்றா, இரத்தம் கிடைக்கவில்லையா என்று விசாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அடுத்த தாய் பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் மாநிலத்தில் பிரசவ மரணங்கள் குறைந்ததற்கு இந்த விசாரணையும் ஒரு காரணம். மனிதத் தாயையும் கோழிக் குஞ்சையும் நான் சமமாக வைக்கவில்லை. இழப்பை எண்ணுவது கல்நெஞ்சம் என்ற எண்ணம் தவறு என்று காட்டவே இதைச் சொன்னேன். யார் ஒருவரை நேசிக்கிறோமோ அவர் இல்லாமற்போனால்தானே எண்ணிக்கை குறைந்தது நமக்குத் தெரிகிறது?

வீட்டிலுள்ள தம்பி தங்கைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகளைத் தெருவில் விற்பவரிடம் குழந்தைகள் அழுது வாங்குகிறார்கள். சூடும் கவனிப்பும் கிடைக்காத அந்தக் குஞ்சுகளில் பல சில நாளிலேயே இறந்துவிடுகின்றன. “அது அவங்க அம்மாகிட்டப் போயிருச்சு” என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அன்பினால் சொல்லும் பொய்தான், ஆனாலும் பொய். குழந்தை மறுநாளும் வாசலில் காத்திருக்கிறது. இறந்துவிட்டது என்று மெல்லச் சொல்லி, அழ விட்டு, நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கும்போது உடன் இருக்கச் செய்வதே மேல். அடுத்த முறை சாயக் குஞ்சு வேண்டாம் என்று அந்தக் குழந்தையே சொல்லும்.

கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் காட்சி மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில் வருவதை நாம் அறிவோம். எருசலேம் நகரைப் பார்த்து நம் ஆண்டவர் தம்மைத் தாய்க்கோழிக்கு ஒப்பிடுகிறார். பலரும் அதை அரவணைப்பின் படமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சிறகை விரித்தும் வந்து சேராத குஞ்சுகளைப் பற்றிய வருத்தமும் அதில் இருக்கிறது. ஆண்டவரே தம் இழப்பை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்புத் தோழியரே! இந்த ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் குறையலாம். வீட்டில் வேலை போகலாம். உறவு ஒன்று பிரியலாம். இழப்பு நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதை மறைக்காமல், யார் மேலும் பழி போடாமல், மிச்சமிருப்பதைக் கைவிடாமல் இருக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு நம் வீட்டுக் கொடாப்பைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சு இறந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். தோழியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் காலண்டர் தாளைக் கிழித்ததும் எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, இருப்பவை இத்தனை, இழந்தவை இத்தனை, காரணம் இது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் எழுந்து போய், இருக்கும் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வையுங்கள்.